குழாய்க்குள் போனவனின் தொப்பி

நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுப் பெட்டிக்குள் போடும் அட்டை கசக்கும். பாகற்காய்க் கசப்பில் ஒரு சுவை இருக்கிறது. இது வெறும் கசப்பு. நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது, இரண்டு தரம் சீனி போட்ட தேநீர் குடித்தும் போகவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் தையல்காரி. குண்டூசியை உதட்டில் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வேலை பார்த்துப் பழகியவள். அட்டை மாற்றும்போது பழையதைக் கழற்றுவதற்காகப் புதியதை உதட்டில் பிடித்தேன். மகள் தரையில் விழுந்து சிரித்தாள்.

பிறகு தேடிப் படித்தேன். சிறு பிள்ளைகள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக டெனட்டோனியம் பென்சோயேட் என்ற கசப்புப் பொருளை அட்டையில் பூசியிருக்கிறார்கள். 2017 இல் ஸ்விட்ச் வந்த நாளிலிருந்து இப்படித்தானாம். நாக்குப் படக்கூடாத இடத்துக்குக்கூட ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று நினைத்தபோது, கசப்பையும் மீறி எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

அப்படி என் வாயில் இருந்து எடுத்துப் பெட்டியில் போட்ட விளையாட்டுத்தான் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்', மாரியோ என்ற மீசைக்காரன் ஓடிக் குதித்துப் போகிற விளையாட்டு. 2023 ஒக்டோபர் 20 இல் வெளியானது. கனடாவில் இருக்கும் அக்காவின் மகன், என் பெறாமகன், விடுமுறைக்கு வந்தபோது பெட்டியையும் அட்டையையும் என் மகளுக்கென்று விட்டுப்போனான். விலை 60 அமெரிக்க டொலர் அளவில்; நம் காசில் ஏறத்தாழ 18,000 ரூபாய். நான் உள்துணி வைத்து ஒரு சாரிச் சட்டை தைக்க 1,200 ரூபாய் வாங்குகிறேன். பதினைந்து சட்டை. கையை விட்டுக் காசு போகவில்லை என்றாலும் பதினைந்து சட்டைக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் பார்த்தேன்.

பார்க்க ஒரு காரணமும் இருந்தது. திருகோணமலை மத்திய வீதியில் இருக்கும் என் கடைக்கு ஒரு தாய் வந்தார். மகனுக்கு ஏழு வயது, பிறந்தநாளுக்கு மாரியோ உடுப்பு வேண்டும். "என்ன நிறம் தங்கச்சி?" என்று கேட்டேன். கைப்பேசியை நீட்டினார். மூன்று படம், மூன்றும் மூன்று விதம். ஒன்றில் சிவப்பு ஓவரோல் (தோள்பட்டி வைத்த காற்சட்டை), நீலச் சட்டை. அடுத்ததில் சிவப்பு ஓவரோல், பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு சட்டை. மூன்றாவதில் நீல ஓவரோல், சிவப்புச் சட்டை. "எதையாவது தைத்து விடுங்கள் அக்கா" என்றார். அப்படிச் சொன்னால் எனக்குக் கை ஓடாது.

மூன்றும் சரியான படங்கள்தான். முதலாவது 1981 இல் வந்த டொங்கி கொங் விளையாட்டில் மாரியோ முதன்முதலில் தோன்றியபோது போட்டிருந்தது. இரண்டாவது 1985 இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ். மூன்றாவது இப்போதைய உடுப்பு. அவனை வடிவமைத்த ஷிகேரு மியமோட்டோவுக்கு முதலில் கிடைத்தது விரல்விட்டு எண்ணத்தக்க சதுரப் புள்ளிகள். தலைமுடியை அதில் வரைய இயலாது, தொப்பி போட்டார். வாய்க்கு இடமில்லை, மீசை வைத்தார், அதனால் மூக்கும் எடுப்பாகத் தெரிந்தது. ஓடும்போது கை அசைவது தெரிய வேண்டும். ஓவரோலுக்கு ஒரு நிறம், சட்டைக் கைக்கு வேறு நிறம். உடுப்பை அழகுக்காக வெட்டவில்லை, அசைவு தெரிவதற்காக வெட்டியிருக்கிறார். முப்பது வருடமாக இந்த மனிதனைப் பார்த்திருக்கிறேன், தையல் மெசினில் காலை வைத்து இருபது வருடம் ஆகிறது, இது என் கண்ணில் படவேயில்லை.

நான் மாரியோவைப் பழகியது உப்புவெளியில், மாமா வீட்டில். அசல் பெட்டி அல்ல. அதைப் பார்த்துச் செய்த போலி. ஒரே கசெட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று மேலே எழுதியிருக்கும், உள்ளே பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். கசெட் பிடிக்காவிட்டால் எடுத்து வாயால் ஊதிப் போடுவோம். (அப்போது கசக்கவில்லை.) எனக்கும் அண்ணனுக்கும் தீராத ஒரு வழக்கு இருந்தது. 1985 இன் மாரியோவில் சில கட்டங்கள் சேர்ந்தது ஓர் உலகம். அதில் இரண்டாம் உலகின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டி இருக்கிறது, சரியான இடத்தில் குதித்தால் ஓர் உயிர் கூடக் கிடைக்கும் என்பான் அண்ணன். அவன் குதித்தால் கிடைக்கும். நான் அதே இடத்தில் குதித்தால் காற்று. நான் சரியாகக் குதிக்கவில்லை என்பான். அவன் பொய்க்காரன் என்பேன் நான். மாமி இரண்டு பேரையும் வெளியே துரத்திவிட்டுக் கதவைச் சாத்துவார்.

தீர்ப்பு வர இவ்வளவு காலம் ஆயிற்று. முந்தின உலகின் மூன்றாம் கட்டத்தில் போதிய நாணயங்களைச் சேர்த்திருந்தால்தான் அந்தக் கட்டி அங்கே இருக்கும். அண்ணன் நாணயம் ஒன்றையும் விடாமல் பொறுக்குவான்; நான் கட்டத்தின் முடிவில் நிற்கும் கொடிக்கம்பத்தைப் பார்த்து ஓடுகிறவள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறோம். டோஹாவில் வேலை செய்யும் அண்ணனுக்கு இதைக் குரல்பதிவில் அனுப்பினேன். "இப்போதும் நீ அப்படித்தான் ஓடுகிறாய்" என்று பதில் வந்தது.

கட்டம் முடியும்போது சில தரம் வாணவேடிக்கை வரும், சில தரம் வராது. அதுவும் எங்களுக்குப் புதிர். நேரக் கணக்கின் கடைசி இலக்கம் 1, 3 அல்லது 6 ஆக இருந்தால் அத்தனை வெடி. அவ்வளவுதான். கொடியின் உச்சியைத் தொட்டால் வரும் என்று நாங்கள் சத்தியம் செய்திருந்தோம்.

இவற்றை எல்லாம்விட என்னை உலுக்கியது ஒரு செடி. முதலாவது கட்டத்தில் தரையோரம் இருக்கும் பச்சைப் பற்றையும் மேலே மிதக்கும் வெள்ளை மேகமும் ஒரே படம். நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பெறாமகன் தன் கணக்கில் பழைய விளையாட்டுகளைத் திறந்து தந்திருந்தான். அதில் போய் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மூன்று குமிழ் மேகம், மூன்று குமிழ் பற்றை. எத்தனை நூறு தரம் அவற்றுக்கு நடுவில் ஓடியிருப்பேன்!

காரணம் துணி போதாமைதான். விளையாட்டு முழுவதும், எட்டு உலகமும் பாட்டும் சேர்த்து, 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் இதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். இந்தத் தட்டுப்பாடு எனக்கு நன்றாக விளங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சீருடைத் துணி அளவாகத்தான் இருக்கும். தாய்மார் அதைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டு, "எப்படியாவது தம்பிக்கும் ஒரு சட்டை தேறுமா பாருங்கள் அக்கா" என்பார்கள். தேறும். காலருக்கு அடித்துண்டை இணைத்து, பையின் உள்பக்கத்துக்கு வேறு துணி வைத்து, நூல் ஓட்டத்தைப் பார்த்துக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் போட்டால் தேறும். வெளியே நின்று பார்க்கிறவருக்கு அது ஒரு சட்டை. உள்பக்கம் திருப்பினால்தான் என் இரவு தெரியும்.

அந்தக் கண்ணோடு பார்க்கப் பார்க்க இன்னும் அகப்பட்டது. மாரியோவின் தம்பி லூயிஜி அவனுடைய அதே வெட்டு, வேறு துணி. மாரியோவின் உடம்பு முழுவதற்கும் மூன்றே நிறம். அதனால் முடிக்கும் சட்டைக்கும் சப்பாத்துக்கும் ஒரே நிறம். கூம்பா என்ற அந்தக் காளான் தலைப் பொடியன் இரண்டு காலால் தத்தித் தத்தி நடக்கிறானே, அவனுக்கு நடைப்படம் இரண்டு இல்லை. ஒன்றுதான். அதை இடம் வலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். நம் கண் அதை நடை என்று எடுத்துக்கொள்கிறது. இடக்கைக்கு வெட்டிய கடதாசியைத் திருப்பிப் போட்டு வலக்கை வெட்டுகிற எனக்கு, கூம்பாவை அதற்குப் பிறகு மிதிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இடையில் வந்தவற்றில் நான் எல்லாம் விளையாடவில்லை. பெறாமகன் காட்டியவையும் படித்தவையும்தான். 1990 இன் சூப்பர் மாரியோ வேர்ல்டில் யோஷி என்ற டைனோசரின் முதுகில் ஏறினால் அதே பாட்டுக்குப் பின்னால் ஒரு மேளம் சேரும், இறங்கினால் நின்றுவிடும். 1996 இன் மாரியோ 64 இல் கண்ணாடி பதித்த ஓர் அறை. அதற்குள் போனால், இதுவரை மாரியோவைப் பின்தொடர்ந்து படம் பிடித்துக்கொண்டிருந்தவன் கண்ணாடியில் தெரிவான், மேகத்தில் குந்தியிருக்கும் ஓர் ஆமை. அதே விளையாட்டில் கையில் பிடித்து ஆடும் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனால் மாரியோ படுத்து உறங்கிக் கனவில் சாப்பாட்டின் பெயர்களை முணுமுணுப்பான். 2002 இன் மாரியோ சன்ஷைனில் தொப்பி பறிபோனால் வெயில் அவனை மெல்ல மெல்லச் சுடும். சித்திரை வெயிலில் குடையில்லாமல் பஸ்நிலையத்தில் இருந்து கடைக்கு நடக்கிற எனக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை.

இனி வொண்டர். இதில் துணிக்குப் பஞ்சமில்லை. எதைத் திருப்பிப் போடவும் தேவையில்லை, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வெட்டலாம். அப்படிப்பட்ட இடத்தில்தான் தையல்காரருக்குக் கை தளரும். வெளிப்பக்கம் பூவேலை போட்டுவிட்டு உள்பக்கத்தை ஓடவிட்டு விடுவார்கள். அதைத்தான் தேடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் இரவே தோற்றேன். மாரியோ குழாய்க்குள் நுழைகிறான். உடம்பு போய்விட்டது, தொப்பி மட்டும் வெளியே நிற்கிறது. ஒரு கணம். பிறகு உள்ளே இருந்து ஒரு கை வந்து தொப்பியைப் பற்றி இழுத்துக்கொள்கிறது. கண் இமைத்தால் போயிற்று. வெல்வதற்கு அது உதவாது, புள்ளி கிடைக்காது. நான் மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவளாகவே "அம்மா, அவன் தொப்பியை மறந்துவிட்டான்!" என்று கத்தினாள். அந்தக் கத்தலுக்கு மூன்று சட்டைக் கூலி கொடுக்கலாம்.

யானைக்கும் கொடுக்கலாம். ஒரு பழத்தை எடுத்தால் மாரியோ யானையாகிவிடுகிறான். தும்பிக்கையால் அடிக்கலாம், தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வாடிய பூக்களுக்கு ஊற்றலாம், பூ மலரும். கந்தளாய்ப் பக்கம் இரவில் பஸ்சை நிறுத்திவைக்கும் யானைகளைப் பார்த்த நமக்கு, இந்தச் சாதுவான ஆள் வேடிக்கைதான். நான் பார்த்தது உடுப்பை. யானையான பிறகும் ஓவரோலும் தொப்பியும் இருக்கின்றன, இளவரசி பீச் யானையானால் அவள் கவுனும் இருக்கிறது. அந்த இடுப்புக்கு எத்தனை முழம் துணி வேண்டும் என்று ஒருநாள் மேசையில் சுண்ணக்கட்டியால் கணக்குப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கூம்பாக்கள் சிலர் நின்ற இடத்திலேயே தூங்குகிறார்கள். ஒரு கட்டத்தில் வொண்டர் மலரைத் தொட்டால் நாமே கூம்பாவாகிவிடுகிறோம். சரியாகக் குதிக்கவும் வராது, தத்தித் தத்தித்தான் போக வேண்டும். ஒற்றைப் படத்தைத் திருப்பிப் போட்டுச் செய்த நடையை, நாற்பது வருடம் அளவில் கழித்து, நம் காலில் மாட்டிவிட்டிருக்கிறார்கள். இந்த விளையாட்டில் நான் அதிக நேரம் நின்ற கட்டம் அதுதான்.

ஆனால் ஒரு பூ இருக்கிறது. பேசும் பூ. வழி நெடுக நிற்கிறது, போகிற வருகிறவரிடம் வாயைத் திறக்கிறது. அங்கே பார், இது என்ன என்று பார், அடடா! நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். எங்கள் ஊர்க் கோட்டை வாயிலை உதாரணத்துக்குச் சொல்கிறேன். கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் அந்த வாயிலுக்குள்ளால்தான் போகிறோம். எல்லார் கண்ணும் உள்ளே மேயும் மான்களில். எனக்கு முப்பது வயதிருக்கும்போது ஒருநாள் மழைக்கு வாயிலில் ஒதுங்கி நின்றேன். செய்ய ஒன்றுமில்லாமல் கல்லைப் பார்த்தேன். தமிழ் எழுத்து, கூடவே மீன். போர்த்துக்கேயர் 1622 இல் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். இருந்தும் அந்த மழைக்குத்தான் அது எனக்குக் கல்லாகத் தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு பூ நின்று "அதோ மீன் பார்!" என்று கூவியிருந்தால், பார்த்துவிட்டு நடந்திருப்பேன்.

விளையாட்டைச் செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது போலும். பூவின் வாயை அடைக்க அமைப்பில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மொழியை மாற்றவும் செய்யலாம். முற்றாக அடைத்தபோது மகள் அழுதாள். ஆகவே யப்பானிய மொழியில் விட்டிருக்கிறேன். ஏதோ சொல்கிறது, என்ன என்று தெரியவில்லை, பக்கத்து வீட்டு வானொலி மாதிரி இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை இதுதான்.

இரண்டாவது குறை கொஞ்சம் பெரியது. கோட்டைகளின் முடிவில் மோத வருகிறவன் அநேகமாக ஒரே ஆள், மாரியோவின் பரம எதிரியான பவுசரின் மகன். இடத்தையும் சூழலையும் மாற்றி மாற்றி அவனையே அனுப்புகிறார்கள். பற்றையை மேகமாக்கியது துணி இல்லாத காலம். அப்போது எங்களில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை. இங்கே துணி மலையாகக் கிடக்க, ஒரே சட்டைக்குப் பொத்தானை மட்டும் மாற்றித் தந்தால் எனக்குப் பிடிபட்டுவிடுகிறது. ஊதா நாணயம் கொடுத்து வாங்கும் அட்டைப் பொம்மைகளும் அப்படித்தான். எது வரும் என்று தெரியாமல் வாங்க வேண்டும். அது நாணயத்தைச் செலவழிக்க ஒரு வழி, வேறொன்றுமில்லை.

பிள்ளைகளோடு விளையாடுவோருக்கு: பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தெரிவு செய்யலாம். யோஷிகளுக்கும் நபிட் என்ற முயல் மாதிரி ஒருவனுக்கும் எதிரி பட்டாலும் அடி விழாது. பள்ளத்தில் விழுந்தால் போய்விடுவார்கள். என் மகள் பச்சை யோஷி, நான் அவள் முதுகில் ஏறிப் போகிறேன். வீட்டில் யார் யாரைச் சுமப்பது என்பது அப்படி ஒரு மணி நேரத்துக்குத் தலைகீழாகிறது. என் அம்மா பின்னால் இருந்து பூக் கட்டிக்கொண்டு, "அந்த யானைக்குத் தண்ணீர் வை பிள்ளை" என்பார்.

பதினைந்து சட்டைக் கணக்கில் நான் பன்னிரண்டு கொடுப்பேன். மூன்றைப் பவுசரின் மகனுக்காகக் கழிக்கிறேன்.

பிறந்தநாள் உடுப்புக்கு நீல ஓவரோல், சிவப்புச் சட்டை என்று முடிவு செய்தேன். அந்த அளவில் மஞ்சள் பொத்தான் இரண்டு கடைத்தெரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பெரிய பொத்தானுக்கு மஞ்சள் துணி சுற்றித் தைத்தேன். காற்சட்டை ஓரத்தில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விட்டிருக்கிறேன், வளரும் பிள்ளை. தொப்பிக்கு மட்டும் இரண்டு இரவு போயிற்று.

வாங்க வந்த அன்று தாய் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றி ஒரு தரம் ஓடினான். பிறகு என் வெட்டு மேசைக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி மேசைக் கால் ஓரமாகத் தரையில் வைத்தான். தவழ்ந்து மேசைக்கு அடியில் போய் மறைந்தான். "என்னடா மகன், ஊத்தை பட்டுவிடும், வெளியே வா" என்றார் தாய். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு சிறிய கை வந்து தொப்பியைத் தடவித் தேடிப் பிடித்து இழுத்துக்கொண்டது.